யோசேப்பை யாரும் தேடிப் போகவில்லை

ஆதியாகமத்தில் வரும் யோசேப்பின் கதையில் யாருமே யோசேப்பைத் தேடிப் போவதில்லை. இரத்தத்தில் தோய்த்த அங்கியைப் பார்த்ததும், துஷ்டமிருகம் தின்றுவிட்டது என்று நம்பி, யாக்கோபு இரட்டு உடுத்தி உட்கார்ந்துவிடுகிறார். அவனை விற்ற அண்ணன்மாருக்கு அவன் எந்தத் திசையில் போனான் என்று தெரியும். அவர்களும் தேடவில்லை. கடைசியில் எகிப்துக்குப் போகிறார்களே, அதுகூடத் தானியம் வாங்கத்தான். விற்கும்போது அவனுக்கு 17 வயது, பார்வோன் முன்னால் நிற்கும்போது 30. அதற்கப்புறம் ஏழு வருஷம் செழிப்பு, இரண்டு வருஷம் பஞ்சம். ஆக 22 வருஷம் ஒருத்தரும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. இதே கதையைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாம், அசீரியா சிறைபிடித்துக் கொண்டுபோன வடக்கு இஸ்ரயேலின் 'காணாமற்போன பத்துக் கோத்திரங்கள் எங்கே' என்று உலகம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறோம். இந்த முரண் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தீர்க்கதரிசனக் கூட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு இந்த ஒப்புமை புதிதில்லை. எங்கள் மாமா ஒருவர் லாங் சைஸ் நோட்டு ஒன்றில் நடுவே கோடு போட்டு இதை அட்டவணையாகவே எழுதி வைத்திருந்தார். இடது பக்கம் யோசேப்பு, வலது பக்கம் பத்துக் கோத்திரம். அவனுக்குப் பலவருண அங்கி. இவர்களுக்குச் சேஷ்டபுத்திர பாகம். அவனைக் குழியில் போட்டார்கள். இவர்கள் சமாரியாவின் முற்றுகையில் மாட்டினார்கள். அவன் அந்நியரிடம் விற்கப்பட்டான்; இவர்களை அசீரியா கொண்டுபோனது. அவனுக்கு எகிப்தியப் பேர், எகிப்திய மனைவி, எகிப்திய உடுப்பு; இவர்கள் ஜாதிகளுக்குள் கலந்து, பேர் மாறி, பாஷை மாறிப்போனார்கள். அவன் சகோதரரை அறிந்தான், அவர்களோ அவனை அறியவில்லை. யூதர்கள் இன்றைக்கும் எப்பிராயீமை, அதாவது அந்தப் பத்துக் கோத்திரத்தை, அறியவில்லை. அவன் பஞ்சத்தில் உலகத்துக்குச் சோறு போட்டான் என்ற இடத்தில் மாமாவின் குரல் உயரும். "பாருலே, ஒரு வரி கூட பிசகல" என்பார். அதற்குக் கீழே வலது பக்கக் கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில் இரண்டு தேசங்களின் பேர் இருக்கும். இங்கிலாந்து, அமெரிக்கா.

அட்டவணையின் மேல்பாதியை நான் இன்றைக்கும் நம்புகிறேன் என்பதுதான் சிக்கல். சுத்தமான கட்டுக்கதையாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

தீர்க்கதரிசிகள் போட்ட கோடு

சாலொமோனுக்குப் பின் யூதாவைவிட்டுப் பிரிந்த வடக்கு ராஜ்யத்தை யோசேப்பு என்று கூப்பிட்டது மாமா இல்லை, வேதாகமம்தான். யோசேப்பின் பிள்ளைகளான எப்பிராயீமும் மனாசேயும்தான் வடக்கின் நடுநாயகம். தனி ராஜ்யம் தொடங்கிய யெரொபெயாமே எப்பிராயீமன். 78-ஆம் சங்கீதம் தேவன் யோசேப்பின் கூடாரத்தைப் புறக்கணித்து யூதா கோத்திரத்தைத் தெரிந்துகொண்டார் என்கிறது. 80-ஆம் சங்கீதம் யோசேப்பை ஆட்டுமந்தைபோல் நடத்துகிறவரே என்று மன்றாடுகிறது. ஒபதியாவுக்கு அவர்கள் யோசேப்பின் வம்சத்தார். சகரியா, வடக்கு விழுந்து இரு நூற்றாண்டுக்கு அப்புறம், யோசேப்பு வம்சத்தாரை இரட்சிப்பேன் என்ற வாக்கைச் சொல்கிறார். ஆக, செத்துப்போன ஒரு முற்பிதாவின் பேரை ஒரு ஜனத்துக்கே வைத்துக் கூப்பிடும் பழக்கம் அங்கே ஊறிப்போயிருக்கிறது. அப்படிக் கூப்பிடும்போது அவன் கதையும் கூடவே வராமல் இருக்குமா?

ஆமோஸ் தீர்க்கதரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் அதிகாரத்தில், தந்தக் கட்டிலில் படுத்து, கொழுத்த கன்றுகளைத் தின்று, பாத்திரம் பாத்திரமாய்த் திராட்சரசம் குடித்துக்கொண்டு, யோசேப்புக்கு நேரிட்ட ஆபத்துக்குக் கவலைப்படாமல் இருக்கிறவர்களைத் திட்டுகிறான். படிக்கிறவனுக்கு உடனே ஆதியாகமம் 37 ஞாபகம் வர வேண்டும். தம்பியைத் தண்ணீரில்லாத குழியில் போட்டுவிட்டு அண்ணன்மார் என்ன செய்தார்கள்? சாப்பிட உட்கார்ந்தார்கள். அவன் கெஞ்சிய சத்தம் காதில் விழுந்துகொண்டிருந்தது என்பதை அவர்களே பிற்பாடு எகிப்தில் ஒத்துக்கொள்கிறார்கள். ஆமோஸ் இரண்டாம் அதிகாரத்தில் நீதிமானைப் பணத்துக்கு விற்கிறார்கள் என்று வரும் வரியையும் யூதப் பாரம்பரியம் யோசேப்பை விற்ற இருபது வெள்ளிக்காசோடு சேர்த்தே வாசித்திருக்கிறது. எரேமியா 31 இன்னும் அழுத்தமானது. அங்கே ராகேல், யோசேப்பைப் பெற்றவள், பிள்ளைகளுக்காக அழுது ஆறுதலடையாமல் இருக்கிறாள். யோசேப்பு போன அன்றைக்கு ஆறுதலுக்கு இடங்கொடாமல் அழுதது யாக்கோபு. ராகேல் அதற்கு முன்பே எப்பிராத்தா வழியில் அடக்கமாகிவிட்டாள். மகன் விற்கப்பட்ட நாளில் அழ முடியாதவள், அந்த மகனின் சந்ததி சிறைப்பட்டுப் போகும்போது எழுந்து அழுகிறாள் என்று எரேமியா காட்டுகிறார். அவளுக்கு வரும் பதிலும் யாக்கோபுக்குக் கடைசியில் கிடைத்த செய்தியைப் போன்றதுதான்: போனவர்கள் இருக்கிறார்கள், திரும்பி வருவார்கள்.

13-ஆம் நூற்றாண்டில் ராம்பான் என்று அழைக்கப்படும் ஸ்பானிய யூத அறிஞர் நாக்மனிதேஸ் இதை ஒரு வாசிப்பு முறையாகவே வைத்தார். பிதாக்களுக்கு நடந்ததெல்லாம் பிள்ளைகளுக்கு அடையாளம் என்பது அவருடைய நிலைப்பாடு. அதனால் மாமா நோட்டில் கோடு போட்டது தவறான வேலை இல்லை. மதிப்பான பரம்பரை அதற்கு இருக்கிறது. எசேக்கியேல் 37-இல் யூதாவின் கோலையும் எப்பிராயீமின் கையிலுள்ள யோசேப்பின் கோலையும் ஒரே கையில் சேர்த்துப் பிடிக்கும் காட்சி இருக்கும்வரை யாரும் அந்தக் கோட்டை அழிக்கவும் முடியாது.

கடைசிக் கட்டத்தில் வந்த குழப்பம்

சிவப்பு மை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது திருநெல்வேலிச் சரக்கே இல்லை. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் வில்சன், எட்வர்ட் ஹைன் போன்றவர்கள் ஆங்கிலேயர்தான் எப்பிராயீம் என்று ஊர் ஊராகப் பேசினார்கள். 20-ஆம் நூற்றாண்டில் ஹெர்பர்ட் ஆம்ஸ்ட்ராங் அதை வானொலியிலும் இலவசப் பத்திரிகையிலும் உலகமெங்கும் கொண்டுபோனார். ஆதியாகமம் 48-இல் யாக்கோபு கைகளை மாற்றி வைத்து, இளையவன் சந்ததி திரளான ஜனங்களாகும் என்கிறாரே, அது பிரிட்டிஷ் சாம்ராஜ்யம். மூத்தவன் ஒரு பெரிய ஜனமாவான் என்பது அமெரிக்கா. கணக்கும் உண்டு. 'ஏழு காலம்' என்றால் 7 பெருக்கல் 360, 2520 வருஷம். சமாரியா விழுந்த கி.மு. 721-இலிருந்து எண்ணினால் கி.பி. 1800 வருகிறது, அப்போதுதான் இரண்டு தேசங்களும் எழும்பின என்பார்கள். ஆம்ஸ்ட்ராங் 1986-இல் இறந்தார். அவர் தொடங்கிய சபையே 1990களில் இந்தப் போதனையைக் கைவிட்டது. ஆனால் கைவிடப்பட்ட போதனைகள் நம் ஊரில் நெடுங்காலம் வாழும். ஜெராக்ஸ் எடுத்து, மொழிபெயர்த்து, பேச்சாளர் பேரை மாற்றி, இப்போது வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருக்கிறது.

எனக்கு இதில் கோபம் வருவது ஒரே ஒரு இடத்தில். ஹைன் அங்கே மேடையேறிக்கொண்டிருந்த அதே 1870களில்தான் இங்கே தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா போதும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். தானியம் கப்பலேறிக்கொண்டும் இருந்தது. அந்த ஆட்சியைப் பஞ்சத்தில் சோறு போட்ட யோசேப்பின் வாரிசு என்று, அந்தப் பஞ்சத்தில் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நோட்டில் எழுதி வைத்திருந்தோம். ஒரு விதத்தில் பொருத்தம் இருக்கிறது என்றுகூடச் சொல்வேன், ஆனால் அது மாமா நினைத்த பொருத்தம் இல்லை. ஆதியாகமம் 47-ஐ எந்த அட்டவணையிலும் நான் பார்த்ததில்லை. அங்கே யோசேப்பு தானியத்துக்கு முதலில் ஜனங்களின் பணத்தை வாங்குகிறான், அடுத்து ஆடுமாடு, அடுத்து நிலம், கடைசியில் அவர்களையே பார்வோனுக்கு அடிமைகளாக வாங்குகிறான். பூசாரிகளின் நிலத்துக்கு மட்டும் விலக்கு. அந்த அதிகாரம் முடிந்து கொஞ்ச தூரத்தில் யோசேப்பை அறியாத புதிய ராஜா வருகிறான். அடிமை வேலை யோசேப்பின் சொந்த ஜனத்தின் தலையிலேயே விழுகிறது. வேண்டியதை எடுத்து வேண்டாததை விட்டால் எந்த இரண்டு வாழ்க்கையையும் கோடு போட்டு இணைத்துவிடலாம். கழித்து விட்ட வரிகளையும் எழுதிப் பார்க்கும்போதுதான் ஒப்புமை தாங்குகிறதா என்று தெரியும்.

அசீரியாவின் பக்கத்தையும் இந்தக் கூட்டங்களில் யாரும் தொடுவதில்லை. கலிலேயாவையும் கீலேயாத்தையும் அசீரிய ராஜா திகிலாத்பிலேசர் முன்பே வாரிக்கொண்டு போயிருந்தான். சமாரியாவிலிருந்து 27,290 பேரைக் கொண்டுபோனதாகப் பிற்பாடு வந்த அசீரிய ராஜா சர்கோன் தன் அரண்மனைச் சுவரில் பொறித்திருக்கிறான். அது வடக்கின் மொத்த ஜனமும் இல்லை. போனவர்களும் ஆவியாகிவிடவில்லை. 2 இராஜாக்கள் 17 அவர்களைக் கோசான் நதியோரத்தில் குடியேற்றினதாகச் சொல்கிறது. அந்தக் கோசானிலிருந்து கிடைத்த களிமண் பலகைகளில் இஸ்ரயேலின் தேவனான யாவேயின் பேரைத் தாங்கிய ஆட்பெயர்கள் இருக்கின்றன. சர்கோன் சமாரியாவின் ரதவீரர்களைத் தன் சேனையிலேயே சேர்த்துக்கொண்டான். அசீரிய நகரமான நிம்ரூதில் கிடைத்த குதிரைப்படைக் கணக்குகளில் சமாரியப் பிரிவு என்று தனியாகவே அதிகாரிகளின் பேர் வருகிறது. அந்நிய ராஜாவின் வேலையில், அந்நிய உடுப்பில், ஆனால் பேரில் மட்டும் பழைய தெய்வம். மாமாவின் அட்டவணைக்கு இதைவிட நல்ல வரி கிடைக்காது, ஆனால் அதற்கு லண்டன் வரை போக வேண்டியதில்லை. இன்னொரு கூட்டம் தெற்கே ஓடியது. எட்டாம் நூற்றாண்டுக் கடைசியில் எருசலேம் மேற்கு மலை வரை திடீரென்று பெருத்ததற்கும், தொல்லியலாளர் நாகுமான் அவிகாத் 1970களில் தோண்டிக் கண்ட ஏழு மீட்டர் அகல மதிலுக்கும், வடக்கிலிருந்து வந்த அகதிகளே காரணம் என்று பல தொல்லியலாளர் சொல்கிறார்கள். எவ்வளவு பேர் என்பதில் சண்டை உண்டு. மிச்சம் பேர் ஊரிலேயே இருந்தார்கள். இன்றைக்கும் கெரிசீம் மலையிலும் ஹோலோனிலுமாக ஆயிரம் பேருக்கும் குறைவான சமாரியர் இருக்கிறார்கள். நாங்கள் எப்பிராயீம், மனாசே சந்ததி என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களை யாரும் காணாமற்போன கோத்திரம் என்று தேடுவதில்லை. காணாமற்போகவில்லையே!

டீச்சரம்மா கேட்ட கேள்வி

இது எல்லாம் எனக்குள் ஒரு எரிச்சலாகத்தான் இருந்தது, தெளிவாக இல்லை. தெளிந்தது ஒரு வேதபாட வகுப்பில். யோசேப்பைத்தான் அன்றைக்கு எடுத்திருந்தார்கள். வழக்கம்போல அடையாளங்கள், நிழல்கள், நிறைவேறுதல்கள். ரிடையரான ஒரு டீச்சரம்மா, வகுப்பில் அதிகம் பேசாதவர், கையைத் தூக்கினார். "ஐயா, ஒன்பது வருஷம் அதிகாரத்தில இருந்திருக்கான். அப்பா அங்க அழுதுட்டிருக்கார்னு தெரியாதா? ஒரு ஆளை அனுப்பி, நான் உயிரோட இருக்கேன்னு சொல்ல முடியாதா?" ஐயா கொஞ்சம் யோசித்துவிட்டு, அது தேவ சித்தம்மா என்று சொல்லி அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். டீச்சரம்மா விடவில்லை. "அண்ணன்மார் வந்து நிக்கும்போதாவது சொல்லியிருக்கலாமே. எதுக்கு வேவுகாரன்னு பழி போட்டு, ஒருத்தனைப் பிடிச்சு வச்சு, பையில கிண்ணத்தை ஒளிச்சு?" வகுப்பில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிற்பாடு தேடியதில் தெரிந்தது, அது பழைய கேள்வி. ராம்பானே இதைக் கேட்டிருக்கிறார். எகிப்துக்கும் எபிரோனுக்கும் ஆறு நாள் பிரயாணம்தானே, ஏன் ஒரு கடிதம்கூட அனுப்பவில்லை என்று. அவர் சொல்லும் பதில், சொப்பனங்கள் சொன்னபடி ஒழுங்காக நிறைவேற வேண்டும், பதினோரு பேரும் வந்து வணங்க வேண்டும், அதற்காகக் காத்திருந்தான் என்பது. எனக்கு அந்தப் பதில் ஒட்டவில்லை. சொப்பனத்தை நிறைவேற்றுவது சொப்பனம் கொடுத்தவரின் வேலை. அதற்காக அப்பாவை அழவிடுவானா? 15-ஆம் நூற்றாண்டின் அபர்பனேல், ஸ்பெயினை விட்டு 1492-இல் துரத்தப்பட்டவர், வேறு பக்கம் போகிறார். யோசேப்பு அண்ணன்மாரைச் சோதித்தான். ராகேலின் இன்னொரு மகன் கையில் சிக்கும்போது அவனையும் விட்டுவிட்டுப் போகிறார்களா என்று பார்த்தான். கிண்ணம் பென்யமீனின் சாக்கில் வைக்கப்பட்டதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் வாசிக்கவில்லை. அதே நிலைமையை மறுபடியும் உண்டாக்குகிறான். அப்பாவின் செல்லப்பிள்ளை, அந்நியன் கையில், அடிமையாக. விட்டுவிட்டுப் போனால் கேட்க ஆளில்லை. சாட்டுக்குத் திருட்டுக் குற்றம் வேறு கைவசம் இருக்கிறது.

அப்போது எழுந்து பக்கத்தில் வருகிறவன் யூதா. கொன்று என்ன லாபம், விற்றுவிடலாம் என்று 37-ஆம் அதிகாரத்தில் விலை பேசச் சொன்னவனும் இவன்தான். 44-ஆம் அதிகாரத்தில் அவன் பேசுவது ஆதியாகமத்திலேயே மிக நீளமான பேச்சுகளில் ஒன்று. அதில் என்னை நிறுத்தியது ஒரு சின்ன வரி. அப்பா சொன்னதாக யூதா சொல்கிறான்: என் மனைவி எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள். பேசுகிறவன் லேயாளின் மகன். அப்பாவின் கணக்கில் ராகேல்தான் 'மனைவி', அவள் பெற்ற இரண்டு பேர்தான் 'பிள்ளைகள்'. லேயாளின் பிள்ளைகள் அந்த வாக்கியத்தில் இல்லவே இல்லை. ஒரு காலத்தில் இந்த ஓரவஞ்சனைதான் அங்கியைக் கழற்ற வைத்தது, தம்பியைக் குழியில் தள்ள வைத்தது. இப்போது யூதா அதே வரியை ஒரு அந்நிய அதிகாரி முன்னால் தன் வாயாலேயே சொல்கிறான். கசப்பில்லாமல், அப்பாவின் உயிர் அந்தப் பையனின் உயிரோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதற்குச் சான்றாகச் சொல்கிறான். சொல்லிவிட்டு, அவனுக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளும் என்கிறான். தான் விற்ற ஆளிடமே தன்னை விற்கிறான் என்பது அவனுக்குத் தெரியாது. அடுத்த வசனத்தில் யோசேப்பால் அடக்க முடியவில்லை. எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, நான் யோசேப்பு என்கிறான். முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யூதா இந்தப் பேச்சைப் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கவில்லை.

டீச்சரம்மாவின் கேள்வி இங்கே கொண்டுவந்து விட்டதும், நோட்டின் வலது பக்கத்தை வேறு விதமாகப் படிக்க வேண்டியதாயிற்று. யோசேப்பு எங்கே ஒளிந்திருக்கிறான் என்பது கதையின் முடிச்சே இல்லை. வாசிக்கிற நமக்கு அவன் எங்கே என்று முதலிலிருந்தே தெரியும். யூதா என்னவானான் என்பதுதான் தெரியாது. அந்தக் கண்ணோடு இராஜாக்களின் புத்தகத்துக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது சாலொமோன். யூதாவின் ராஜா, யோசேப்பு வீட்டாரைச் சுமை வேலைக்குப் பிடிக்கிறான். அதற்கு மேற்பார்வை பார்க்க வைக்கப்பட்டவன்தான் யெரொபெயாம். அவன் கொல்லப்படாமல் தப்பி ஓடுவதும் எகிப்துக்கு. சாலொமோன் செத்தபின் ஜனங்கள் சீகேமில் கூடி நுகத்தை இலேசாக்கும் என்று கேட்கிறார்கள். என் தகப்பன் சவுக்கால் அடித்தார், நான் தேளால் தண்டிப்பேன் என்கிறான் ரெகொபெயாம். வாலிபன் யோசேப்பு அண்ணன்மாரைத் தேடி அனுப்பப்பட்டதும் சீகேமுக்குத்தான். அவன் எலும்புகள் அடக்கம்பண்ணப்பட்டதும் அங்கேதான். அந்தச் சீகேமில் வைத்து யூதா தன் தம்பியை மறுபடியும் விற்றான் என்று நான் வாசிக்கிறேன். ஆக வடக்கு பிரிந்துபோனதில் யோசேப்பின் பாவத்தை மட்டும் எழுதுகிற அட்டவணை பாதி அட்டவணைதான். அப்புறம் ஆமோஸ்! அவன் வடக்கத்தியான் இல்லை. யூதாவின் தெக்கோவாவில் ஆடு மேய்த்தவன். எல்லை தாண்டிப் பெத்தேலுக்குப் போய், யோசேப்பின் ஆபத்துக்கு யாரும் கவலைப்படவில்லையே என்று கத்துகிறான். யூதா தேசத்துக்கு ஓடிப்போய் அங்கே பிழைத்துக்கொள் என்று பெத்தேல் ஆசாரியன் அவனை விரட்டுகிறான். எப்பிராயீம் எனக்கு அருமையான குமாரன் அல்லவா என்ற எரேமியாவின் வரியைப் பத்திரப்படுத்தி வைத்தவர்களும் யூதாவின் ஜனங்கள்தான், அதுவும் தங்கள் நகரமே எரிந்து தாங்களே சிறைப்பட்டுப் போன பிறகு. அப்பாவுக்கு இன்னொருவன்தான் அருமை என்ற வரியை இவர்கள் இரண்டாம் முறையும் தங்கள் வாயால் சொல்கிறார்கள்.

நம் தேசத்தில் இரண்டு பேர்

இந்தியாவில் இது ஏட்டு விவாதமும் இல்லை. மணிப்பூர், மிசோரம் மலைகளில் பினெய் மனாசே என்ற சமூகத்தார் தாங்கள் மனாசேயின் சந்ததி என்கிறார்கள்; மன்மாசி என்ற முன்னோரைப் பற்றிய பழைய பாட்டுகளை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஆந்திராவில் குண்டூர்ப் பக்கம் கொத்தரெட்டிப்பாலெம் என்ற ஊரில் பெனே எப்பிராயீம் என்று ஒரு சிறு கூட்டம், மாதிகர் சமூகத்தில் பிறந்த தெலுங்குக்காரர்கள், 1991-இல் ஜெப ஆலயம் தொடங்கினார்கள். ஆக யோசேப்பின் இரண்டு பிள்ளைகளின் பேரும் நம் தேசத்தில் இருக்கிறது. வம்சாவளியாக இது நிற்குமா என்றால், எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. இரண்டு சமூகங்களிலும் கிறிஸ்தவ மிஷனரிகள் கொண்டுவந்த பழைய ஏற்பாட்டைப் படித்த பிறகே இந்த அடையாளம் உருவெடுத்தது என்று ஆய்வாளர்கள் சொல்வதில் நியாயம் தெரிகிறது. ஆனால் ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட ஒரு சாதி, சொந்தச் சகோதரரால் குழியில் போடப்பட்டவனின் கதையைப் படித்துவிட்டு 'இது நாங்கள்தான்' என்று சொல்வதில் ஒரு வாசிப்பு இருக்கிறது. சாம்ராஜ்யம் ஆண்டவன் அதே கதையைப் படித்துவிட்டு 'அது நாங்கள்தான்' என்று சொன்னதைவிட, குழிக்கு இவர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள்.

2005-இல் இஸ்ரயேலின் செபார்திய தலைமை ரபி ஷ்லோமோ அமார், பினெய் மனாசேயை இஸ்ரயேலின் சந்ததி என்று ஏற்றுக்கொண்டார். ஆனால் முறைப்படி மதம் மாறும் சடங்கு செய்தே ஆக வேண்டும் என்றார். ஆயிரக்கணக்கில் அப்படிச் செய்து குடியேறிவிட்டார்கள். பெனே எப்பிராயீமுக்கு அந்த அங்கீகாரமும் இல்லை. எத்தியோப்பிய யூதர்களைத் தாண் கோத்திரம் என்று 1973-இல் ரபி ஓவாதியா யோசேப்பு தீர்த்துச் சொன்னார். அப்படியிருந்தும் 1980களில் வந்து இறங்கியவர்களிடம் சடங்கு கேட்கப்பட்டு, அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். நீ என் சகோதரன், ஆனாலும் முதலில் நிரூபி. சட்டப்படி அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. கலியாணம், வாரிசு, குடியுரிமை எல்லாம் அதில் அடங்கியிருக்கிறது. அவர்களைக் குறை சொல்லும் இடத்தில் நான் இல்லை. நம் சபைகளில் பந்திக்கு யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்று நாம் நடத்திய சண்டைகள் போதும்.

எனக்கு அட்டவணையில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றால், வலது பக்கத்தில் 2 நாளாகமம் 30 என்று எழுதுவேன். யூதாவின் ராஜா எசேக்கியா எப்பிராயீமுக்கும் மனாசேக்கும் கடிதம் எழுதுகிறான், பஸ்காவுக்கு வாருங்கள் என்று. யோசேப்பு அனுப்பாத கடிதத்தை யூதா அனுப்புகிறான். அஞ்சற்காரரை வடக்கத்தியார் பார்த்துச் சிரித்துக் கேலி செய்கிறார்கள். கொஞ்சம் பேர் வருகிறார்கள். வந்தவர்களில் பலர் சுத்திகரிப்புச் செய்யவில்லை. எழுதப்பட்ட முறைக்கு விரோதமாகவே பஸ்காவைச் சாப்பிடுகிறார்கள். எசேக்கியா அவர்களைத் தள்ளவில்லை, அவர்களுக்காக ஜெபம் பண்ணுகிறான்; கர்த்தர் கேட்டார் என்று எழுதியிருக்கிறது. இந்தச் சம்பவம் இராஜாக்களின் புத்தகத்தில் இல்லை, அதனால் நடந்ததா என்று சந்தேகப்படும் அறிஞர்கள் உண்டு. இருக்கட்டும். நாளாகமம் எழுதப்பட்டது சிறையிருப்புக்குப் பிந்தைய எருசலேமில். எஸ்றா நாலாம் அதிகாரத்தில், வடக்கிலிருந்து வந்து உங்களோடே நாங்களும் கட்டுகிறோம் என்றவர்களை, உங்களுக்கு இதில் பங்கில்லை என்று திருப்பி அனுப்பினதும் அதே எருசலேம்தான். இரண்டையும் ஒரே வேதாகமத்தில் அடுத்தடுத்த புத்தகங்களாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். மாமாவிடம் இதைச் சொன்னபோது, "அது முடிஞ்சுபோன சங்கதிலே, தீர்க்கதரிசனம் இனிமே வரப்போறது" என்றார். யோசேப்பின் கதை மட்டும் முடிந்துபோகாத சங்கதியா என்று கேட்டேன். அதற்கு அவர் எசேக்கியேல் 38-க்குப் போய்விட்டார், கோகு, மாகோகு என்று.